அறுபத்தெட்டு வயதில் துணிக்கு எவ்வளவு ஆகிறது? ஈரோட்டுப் பக்கத்து வீடு ஒன்றின் ஓராண்டுக் கணக்கு

வயதான பெண்மணியிடம் போய் "ஒரு வருசத்துக்குத் துணிமணிக்கு எவ்வளவு செலவாகுதுங்கம்மா?" என்று கேட்டால், கொங்குப் பக்கத்தில் பெரும்பாலும் வரும் பதில்: "எனக்கென்ன கண்ணு செலவு, பசங்க எடுத்துக் குடுக்கறதைக் கட்டிக்கறேன்." இந்தப் பதிலைச் செலவே இல்லை என்று எழுதிக்கொண்டு வந்தால் கணக்கு தவறிவிடும். அவருக்காகச் செலவாகும் பணம், அவர் தனக்கென்று செலவழிக்கும் பணம், அவர் கையிலிருந்து போகும் மொத்தப் பணம் ஆகிய மூன்றும் வெவ்வேறு தொகைகள். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்காகவே இந்த ஆய்வு.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரி வீடு. ஈரோடு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றை ஒட்டிய ஊர். 68 வயது, கணவரை இழந்தவர், மகன் குடும்பத்தோடு இருக்கிறார். ஒரு கறவை மாடு வைத்திருப்பதால் பால் காசு அவர் கைக்கு வருகிறது. மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அண்ணன் வீடு பக்கத்து ஊரில். இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக நடக்கும் வரவு செலவை ஒரே வீட்டில் பொருத்திக் கணக்கிட்டிருக்கிறோம். விலைகள் 2024 வாக்கில் சிறு நகரக் கடைகளில் இருந்த அளவை ஒட்டியவை. ஓராண்டு என்பது தைப் பொங்கலில் தொடங்கி அடுத்த பொங்கலுக்கு முந்திய நாள் வரை. செருப்பைச் சேர்க்கவில்லை.

கணக்கைப் பீரோவிலிருந்து தொடங்க வேண்டும். பணத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான். பீரோவைத் திறந்து சேலைகளை எண்ணினால் 28. தினமும் மாற்றி மாற்றிக் கட்டுவது 7. கோயில், விசேஷம், ஆஸ்பத்திரி என்று வெளியே போகக் கட்டுவது 6. பட்டு 3. மீதி 12 சேலைகள் ஒரு முறைகூடக் கட்டப்படாதவை.

அந்தப் பன்னிரண்டை ஒவ்வொன்றாக எடுத்து ஏன் கட்டவில்லை என்று கேட்பதுதான் இந்த வேலையில் முக்கியமான படி. 5 சேலைக்கு ஜாக்கெட் தைக்கவில்லை. 4 சேலை செயற்கை இழை. வியர்வையை வாங்காது, இடுப்பில் நிற்காமல் வழுக்கும், அடுப்படியில் பயம். 2 சேலையின் நிறம் "நமக்கு வேண்டாம்" என்று ஒதுக்கியது. கணவரை இழந்த பெண் பளிச்சென்று உடுத்தினால் ஊர் பார்க்கும் என்ற அச்சம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை மதித்துக் குறித்துக்கொள்ள வேண்டுமே தவிர, கணக்கெடுப்பவர் அங்கே அறிவுரை சொல்லக் கூடாது. மீதி ஒன்று யாருக்காவது கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தது.

அடுத்து, இந்த ஆண்டு உள்ளே வந்த சேலைகள். ஆண்டு முழுதையும் ஒரே மூச்சில் நினைவுபடுத்தச் சொன்னால் வராது. பொங்கல், மாசி பங்குனி நோன்பு, வைகாசிக் கல்யாணங்கள், ஆடித் தள்ளுபடி, ஆவணி முகூர்த்தம், தீபாவளி என்று ஒவ்வொரு நாளையும் சொல்லி, "அன்னிக்கு என்ன சீலை வந்துச்சு, ஆரு குடுத்தாங்க?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் 9 சேலைகள் தெரியவருகின்றன.

தீபாவளிக்கு மகன் எடுத்தது 1,400 ரூபாய். மகள் கொடுத்த பருத்திச் சேலை 850. அண்ணன் வீட்டுச் சீர் 700. மூன்று விசேஷங்களில் வைத்துக் கொடுத்த சேலைகள், ஒன்று 350 வீதம் 1,050. ரேஷன் கடையில் குடும்ப அட்டைக்கு வந்த பொங்கல் சேலை ஒன்று. 1983-இல் தொடங்கிய விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தில் வருவது. அதன் நெசவில் பெரும்பங்கு இதே ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத்து விசைத்தறிகளில் நடப்பதால், ஊரில் எல்லோருக்கும் அது எந்தத் தறித் துணி என்று தெரியும். கடைசியாக அவரே பால் காசில் எடுத்த பருத்திச் சேலைகள் 2, ஒன்று 650 வீதம் 1,300.

கையால் கொடுத்த விலையைத்தான் எழுத வேண்டும். ஆடித் தள்ளுபடியில் எடுத்த சேலையின் அட்டையில் 1,000 என்றிருந்து 650-க்கு வாங்கியிருந்தால் கணக்கில் 650. பரிசாக வந்ததற்கு அவர் சொல்லும் விலை கூடுதலாக இருப்பது வழக்கம். கொடுத்தவரின் பெருமையும் அதில் சேர்ந்திருக்கும். முடிந்தால் மகளிடம் போனில் கேட்டுவிடலாம். மகனின் தீபாவளிப் பில்லில் ஒரு தொகைதான் இருக்கும், குடும்பம் முழுதுக்கும் சேர்த்து. அதிலிருந்து இந்தச் சேலையின் வரியை மட்டும் பிரிக்காவிட்டால், பேரப்பிள்ளைகளின் சுடிதாரும் பேன்ட்டும் பாட்டியின் கணக்கில் ஏறிவிடும்.

இந்த 9 சேலைகளில் தினசரி உடுப்பில் சேர்ந்தவை எத்தனை? மூன்றுதான். அவரே எடுத்த இரண்டும் மகள் கொடுத்த ஒன்றும். மகன் எடுத்தது வெளியே போகிற வரிசைக்குப் போனது. மற்றவை பீரோவுக்கு.

மூன்று போதுமா? பகலில் சேலை, இரவில் நைட்டி என்று இருப்பவருக்கு 7 சேலைகள் சுற்றில் இருந்தால் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 52 நாள் உடலில் இருக்கும், 52 முறை துவைக்கப்படும். சாதாரணப் பருத்திச் சேலை நூறு துவைப்பு தாங்கினால் அதன் ஆயுள் இரண்டு ஆண்டு. அப்படியானால் ஆண்டுக்கு மூன்றரைச் சேலை புதிதாகச் சுற்றுக்குள் வந்தாக வேண்டும். வருவது மூன்று. ஒன்பது சேலை வந்த வீட்டில், தினமும் கட்டுவதற்குச் சேலை சிறிது பற்றாக்குறைதான். பீரோ நிறைந்திருக்கிறது, ஆனால் கொசுவத்தின் கீழ்விளிம்பு கிழிந்த சேலையையே அவர் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் காரணம் கஞ்சத்தனமல்ல. அவருக்கு ஏற்ற துணி வரவில்லை.

இனி, யாரும் பரிசாகக் கொடுக்காத சாமான்கள். இவற்றைக் கேட்காமல் விட்டால் செலவில் பெரும்பகுதி விடுபட்டுப் போகும்.

ஜாக்கெட் 5 தைத்தார். இரண்டு சேலைகளில் ஜாக்கெட் துணி சேர்ந்தே வந்தது. மற்ற மூன்றுக்கு மீட்டர் 100 ரூபாயில் துணி எடுத்தார், 300. கறுப்பும் அரக்கும் பல சேலைக்குப் பொருந்துவதால் அவை இரண்டும் இதில் சேர்த்தி. லைனிங் இல்லாமல் தையற்கூலி 200 வீதம் 1,000. பழைய ஜாக்கெட் நான்கைப் பிரித்துத் தளர்த்த 40 வீதம் 160. ஆக ஜாக்கெட்டுக்கு மட்டும் 1,460. அவர் தனக்கென்று சேலைக்குக் கொடுத்ததைவிட 160 ரூபாய் கூடுதல்.

உள்பாவாடை 3, 200 வீதம் 600. நைட்டி 4, 320 வீதம் 1,280. உள்ளாடைகள் 810. நைட்டியின் மேல் போட்டுக்கொள்ளும் துண்டு 3, 270. இரண்டு சேலைக்குப் பால்ஸ் (சேலையின் கீழ்விளிம்பில் உள்பக்கம் வைத்துத் தைக்கும் பட்டை), ஒன்றுக்குப் பட்டை 40, தையல் 80 என்று 240. வெளியே கட்டும் சேலைகளில் மாதம் மூன்றை இஸ்திரிக்குப் போட 15 வீதம் ஆண்டுக்கு 540. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வாங்கும் 600 ரூபாய் சுவெட்டரில் இந்த ஆண்டின் பங்கு 200. ஊக்கு, கொக்கி, நாடா 60. இவற்றோடு சேலை 1,300-ஐயும் ஜாக்கெட் 1,460-ஐயும் கூட்டினால் 6,760 ரூபாய். மாதத்துக்கு 563.

பரிசாக வந்த சேலைகளின் மதிப்பு 4,000. அதைச் சேர்த்தால் 10,760. பொங்கல் சேலைக்கு விலை போடவில்லை.

இன்னொரு வரிசை பாக்கியிருக்கிறது. அவர் பிறருக்கு எடுத்தது. மகளுக்குச் சேலை 1,200, பேத்திக்கு உடுப்பு 900. விசேஷங்களில் அவரும் நான்கு சேலை வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டைப் பீரோவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டார், மற்ற இரண்டுக்கு 700. மொத்தம் 2,800. ஆக, துணிக்கடைக்கும் தையல்காரருக்கும் இஸ்திரிக்காரருக்கும் அவர் கைப்பணம் 9,560 போயிருக்கிறது. அதில் கிட்டத்தட்ட பத்தில் மூன்று பங்கு மற்றவர் உடலுக்கு.

ஒரே பெண்மணி, ஒரே ஆண்டு. சேலைக்கு எவ்வளவு என்று கேட்டால் 1,300. தனக்கு எவ்வளவு என்றால் 6,760. கையிலிருந்து எவ்வளவு என்றால் 9,560. அவருக்காக எவ்வளவு என்றால் 10,760. எந்தக் கேள்வியைக் கேட்டோம் என்று எழுதாமல் தொகையை மட்டும் எழுதும் எந்தக் கட்டுரையையும் நம்பக் கூடாது என்பது எங்கள் கருத்து.

அரசுக் கணக்கெடுப்பில் இது தெரியாதா என்ற கேள்வி வரும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022-23, 2023-24 ஆண்டுகளில் நடத்திய வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுகளில் துணி, படுக்கை, காலணிக்குக் கடந்த 365 நாள் செலவைக் கேட்டார்கள். அது சரியான முறை. 30 நாள் என்று கேட்டால் தீபாவளி மாதத்தில் சிக்கிய வீடு பெருஞ்செலவு வீடாகவும் மற்ற வீடுகள் ஒன்றுமே வாங்காதவையாகவும் தோன்றும். ஆனால் ஆய்வின் அலகு வீடு. வீட்டுக்குள் மாமியாருக்கு எவ்வளவு, மருமகளுக்கு எவ்வளவு, பேரனுக்கு எவ்வளவு என்று அது பிரிப்பதில்லை. மேலும் 2011-12-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 68-ஆவது சுற்று நுகர்வுச் செலவு ஆய்வில் தையற்கூலி துணியோடு சேராமல் நுகர்வோர் சேவைகளில் வைக்கப்பட்டது. சேலை கட்டும் பெண்ணின் கணக்கில் இது சின்ன விஷயமில்லை. மேலே உள்ள 6,760-இல் ஜாக்கெட் தையல், பிரித்துத் தைத்தல், பால்ஸ் தையல் மூன்றும் சேர்ந்து 1,320; இஸ்திரியையும் கூட்டினால் 1,860. நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூலியாகவே போகிறது.

பணம் எங்கே வீணாகிறது என்று பார்த்தால் மறுபடி ஜாக்கெட்டுக்குத்தான் வரவேண்டும்.

வைத்துக் கொடுக்கும் ஜாக்கெட் பிட் பெரும்பாலும் 70, 80 சென்டிமீட்டர், அகலமும் குறைவு. மார்புச் சுற்று 40, 42 அங்குலம், முழங்கை வரை கை என்று தைப்பவருக்கு அது எட்டாது. ஒரு மீட்டர் வேண்டும். அதனால் அந்தப் பிட்டுகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன, உடலுக்கு வருவதில்லை.

அடுத்தது அளவு. வயதானவர்கள் தையல்காரரிடம் ஓர் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து "இதே மாதிரி" என்பார்கள். அந்த ஜாக்கெட் ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய உடலின் அளவு. அறுபதுக்குப் பிறகு பலருக்கு முதுகு வளைகிறது. பின்பக்கத்துக்கு நீளம் கூடுதலாக வேண்டும், முன்பக்கத்துக்குக் குறைவாகப் போதும். பழைய அளவில் தைத்தால் பின்னால் ஏறிக்கொள்ளும், முன்னால் மடங்கும், தோள் நழுவும். ஆகவே ஆண்டுக்கு ஒரு முறையாவது உடலில் டேப் வைத்து அளவெடுக்கச் சொல்ல வேண்டும். பின்நீளம் ஓர் அங்குலம் கூட்டச் சொல்லலாம். அக்குள் சுற்றிலும் கைச் சுற்றிலும் அரை அங்குலம் தளர்வு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அடிக்கடி நேரும், இறுக்கமான கைக்குள் கையை நுழைப்பதே அவர்களுக்கு வேதனை. பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டால் பிறகு பிரித்துத் தளர்த்தலாம். அரை அங்குலம் விட்ட ஜாக்கெட்டைத் தூக்கித்தான் போட வேண்டும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சிறு கொக்கி போட வராது. பெரிய கொக்கியை, எண்ணிக்கை குறைத்து வைக்கச் சொன்னால் தையல்காரர் மறுப்பதில்லை. கேட்பவர்கள்தான் குறைவு.

துணியை முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போட்டுத்தான் தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிவிடும், 200 ரூபாய் கூலியோடு போயிற்று. பால்ஸ் பட்டைக்கும் இதே விதிதான். நனைக்காத பட்டையைத் தைத்தால் அது சுருங்கி, சேலையின் கீழ்விளிம்பு சுருக்கம் சுருக்கமாக நிற்கும்.

நைட்டியில் பிரச்சினை நீளம். ஆயத்த நைட்டிகள் 54 முதல் 56 அங்குலம் வரை வருகின்றன. உயரம் குறைந்தவருக்கு அது தரையைத் துடைக்கும். இரவில் கழிப்பறைக்கு எழும்போது காலில் சிக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். கணுக்காலுக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி மடித்துத் தைக்க ஆகும் சில ரூபாயை யாரும் மிச்சம் பிடிக்கக் கூடாது. வண்டியில் வரும் மலிவு நைட்டியை எடுக்கும்போது துணியைக் கசக்கிப் பார்க்க வேண்டும். பருத்தி என்றால் கசங்கல் நிற்கும். உதறியதும் நேராகிவிட்டால் அதில் செயற்கை இழை கலந்திருக்கிறது.

உள்பாவாடையில் கவனிக்க வேண்டியது நாடா. பல ஆண்டுகள் ஒரே இடத்தில் இறுகக் கட்டுவதால் இடுப்பில் தோல் கறுத்துத் தடிக்கும், சிலருக்குப் புண்ணாகும். ஆறாத புண் அரிதாகத் தோல் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கயிறு போன்ற மெல்லிய நாடாவை மாற்றி அகலமான பட்டை நாடா போடுவதும், கட்டும் இடத்தைச் சற்று மேலும் கீழும் மாற்றுவதும் போதும். இடுப்பில் ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இதே கணக்கை இன்னும் இரண்டு வகைப் பெண்களுக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியாக, முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர் ஒருவர். தொகை 2023-இல் 1,000-லிருந்து 1,200 ஆனது, ஆண்டுக்கு 14,400. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒவ்வொரு சேலை திட்டத்திலேயே வருகிறது. ஜாக்கெட் இரண்டு 600, உள்பாவாடை ஒன்று 200, மலிவு நைட்டி இரண்டு 500, உள்ளாடை 300 என்று கட்டிப் பிடித்தாலும் 1,600. வருமானத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. சேலை விலையில்லாமல் வந்தாலும் ஒரு ஜாக்கெட்டின் கூலியே அந்த மாத உதவித்தொகையில் ஆறில் ஒரு பங்கைத் தின்கிறது. இவர்களுக்கு உதவ நினைக்கும் அமைப்புகள் இன்னொரு சேலை கொடுப்பதைவிட, அளவெடுத்து இரண்டு ஜாக்கெட்டும் ஓர் உள்பாவாடையும் தைத்துக் கொடுப்பது பல மடங்கு பயன்.

ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியை கதை வேறு. பருத்திச் சேலையைத் தாமே பார்த்து எடுப்பவர். கோ-ஆப்டெக்ஸில் 30 விழுக்காடு தள்ளுபடிக் காலத்தில் 1,800 ரூபாய்ச் சேலையை 1,260-க்கு ஆறு எடுத்தால் 7,560. லைனிங் வைத்த ஜாக்கெட் ஆறுக்குக் கூலி 450 வீதம் 2,700. மற்றவை சேர்த்தால் பதினைந்தாயிரத்தை ஒட்டி வரும். தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அங்கே பீரோவில் கட்டாத சேலை குறைவு. தேர்வு அவருடையது என்பதுதான் காரணம்.

முதல் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் தீபாவளிக்குக் கொடுத்த 1,400 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திச் சேலை 650, பால்ஸ் 120, ஜாக்கெட் துணி 100, தையற்கூலி 200, உள்பாவாடை 200. மொத்தம் 1,270. சேலையாக மட்டும் வாங்கியதைவிடக் குறைந்த பணத்தில், எடுத்ததும் கட்டக்கூடிய ஒரு முழு உடுப்பு கிடைக்கிறது. மகளும் அண்ணன் வீடும் இப்போது கொடுப்பதைவிடக் கூடுதலாகப் போட்டு, மூவரும் இப்படியே செய்தால் ஆண்டுக்கு மூன்று முழு உடுப்புகள். அவரே எடுக்கும் இரண்டையும் சேர்த்தால் ஐந்து, தேவையோ மூன்றரை. பால் காசில் ஒரு சேலையும் அதன் ஜாக்கெட்டும் மிச்சமாகும்.

நடைமுறையில் இதற்குத் தடை நேரம். தீபாவளிக்கு முந்தின வாரம் துணி எடுத்தால் எந்தத் தையல்காரரும் வாங்கமாட்டார். வாங்கினாலும் அளவெடுக்க நேரம் இருக்காது. ஆடித் தள்ளுபடியிலேயே சேலையை எடுத்து, துணியை நனைத்துக் காயவைத்து, ஆவணிக்குள் தைக்கக் கொடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு ஜாக்கெட் மட்டும் தைத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கி, குனிந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்த பிறகு மற்றவற்றைத் தைக்கச் சொல்வது நல்லது. பீரோவில் ஜாக்கெட் இல்லாமல் கிடக்கும் அந்த ஐந்து சேலைகளுக்கும் அப்போதே சேர்த்துத் துணி எடுத்துவிடலாம்: துணி 500, கூலி 1,000. சேலைக்குப் பணம் தராமலேயே கட்டுவதற்கு ஐந்து சேலைகள் கிடைக்கும்.